மொழி மாற்றும் விசை யார் கையில்?

கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய பத்திர எழுத்தர் கடையில் ஒரு கிரயப் பத்திரம் தட்டச்சாவதைப் பார்த்தால் இந்த விவகாரம் புரிந்துவிடும். மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் தமிழ். விற்பவர் பெயர் தமிழ். உடனே அவருடைய பான் எண்: ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் ஆங்கில எழுத்து. தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் தமிழ்த் தொடருக்குள் வரும். வாங்குவது சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு தனியார் கம்பெனி என்றால் அதன் பதிவு எண் ஆங்கிலத்தில் வரவேண்டும். பணம் கட்டிய விவரத்தில் வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. பிறகு நான்கெல்லை, மீண்டும் தமிழ். இந்த ஒவ்வொரு திருப்பத்திலும் டைப் அடிப்பவரின் விரல் ஆல்ட்டையும் ஷிஃப்டையும் தேடிப் போகிறது. ஒருமுறை மறந்தால் பான் எண் இருக்கவேண்டிய இடத்தில் உயிரும் மெய்யும் கலந்து ஏதோ விழுந்திருக்கும். அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

பத்திரமாவது ஓடும் உரை. பெட்டி பெட்டியாக நிரப்பும் மென்பொருள்களில் இதே அவதி நடப்பதற்குச் சாக்கே கிடையாது. பான் எண்ணுக்கான பெட்டியில் ஒரு தமிழ் எழுத்துகூட வர முடியாது என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும். தவறாக அடித்தால் சிவப்பில் திட்டுவதற்கு ஏற்பாடும் செய்திருப்பார். அந்தப் பெட்டிக்குள் கர்சர் நுழையும்போதே விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, வெளியே வரும்போது தமிழுக்குத் திருப்பிவிட மட்டும் அவருக்குத் தோன்றுவதில்லை. கைபேசியில் ஓ.டி.பி. கேட்கும் இடத்தில் எண் பலகை தானாக முளைப்பதை நாம் எல்லோரும் பார்த்துவிட்டோம். மேசைக் கணினியில் மட்டும் மொழி மாற்றுவது தட்டுபவரின் சொந்தப் பொறுப்பு என்று இருக்கிறது. அது எப்படி அவர் தலையில் வந்து விழுந்தது என்பதற்கு நீண்ட கதை உண்டு.

தமிழ்த் தட்டச்சின் முதல் கட்டத்தில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா வடிவமைத்த பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தது. அதன் வழியில் வந்த பொறிகளெல்லாம் தமிழ் மட்டும் தெரிந்தவை. ஆங்கிலம் வேண்டுமா, எழுந்து போய் இன்னொரு மெஷினில் உட்கார வேண்டும். டைப் இன்ஸ்டிடியூட்டுகளில் இன்றும் "தமிழ் மெஷின்", "இங்கிலீஷ் மெஷின்" என்றுதான் சொல்கிறார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் லோயர், ஹையர் தேர்வுகளும் மொழிக்கொன்றாகத் தனித்தனியே நடக்கின்றன. மொழியை மாற்றுவது அப்போது நாற்காலியை மாற்றுவதாக இருந்தது. 1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அலுவலகக் கோப்புகளில் தமிழ் பெருகியபோது, ஆங்கிலச் சுருக்கங்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டதற்கு மொழிப்பற்று ஒரு காரணம் என்றால், மெஷினில் ரோமன் எழுத்து இல்லாதது இன்னொரு காரணம் என்றே நினைக்கிறேன். இரண்டாவது காரணத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை.

கணினி வந்ததும் ஒரே பலகையில் இரு மொழியும் குடியேறின. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்து சி-டாக் கைக்குப் போன ஜிஸ்ட் தொழில்நுட்பமும், இந்தியத் தர நிறுவனம் 1991-ல் வெளியிட்ட இஸ்கி தரமும் ஓர் அழகான யோசனையை வைத்தன. நம் எழுத்துகளுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆகவே கேப்ஸ் லாக் விசை நமக்குச் சும்மா கிடக்கிறது. அதையே மொழி மாற்றும் விசையாக வைத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த பல மென்பொருள்கள் ஸ்க்ரோல் லாக்கை எடுத்துக்கொண்டன. அதில் ஒரு நன்மை இருந்தது. விளக்கு எரிந்தால் தமிழ், அணைந்தால் ஆங்கிலம். இன்று திரையின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் காட்டுவதைவிட அந்தப் பச்சை விளக்கு எவ்வளவோ மேல்.

அடுத்து வந்தது டி.டி.பி. காலம். பேஜ்மேக்கர், கோரல் டிரா, வானவில், ஸ்ரீலிபி, பாமினி. இந்தக் காலத்தை ஒரு குழப்பக் காலமாகவே தமிழ்க் கணிமை வரலாறு எழுதுகிறவர்கள் பதிவுசெய்கிறார்கள். ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவரிடம் கிறுக்கலாகத் திறக்கும், தேட முடியாது, அகர வரிசையில் அடுக்க முடியாது. எல்லாம் உண்மை. ஆனால் அப்போது கிடைத்து, பிறகு நாம் கவனிக்காமலே இழந்த ஒன்று இருக்கிறது. பாமினி போன்றவற்றில் விசைப்பலகை எழுத்துருவுக்குள்ளேயே இருந்தது. ஆங்கில 'ஜே'யை அடித்தால் 'த' தெரியும், 'கே' அடித்தால் 'ம'. கணினியைப் பொறுத்தவரை அது இன்னும் 'ஜே'யும் 'கே'யும்தான். பாமினி என்ற சட்டையைப் போட்டதால் தமிழாகத் தெரிந்தது.

இதன் விளைவைப் பாருங்கள். மொழி எது என்ற செய்தி, எழுத்துரு என்ற வடிவில், உரையோடேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பத்தியின் நடுவில் கர்சரை வைத்தால் அடுத்து அடிப்பது தமிழ். ஆங்கிலத் தலைப்பில் வைத்தால் ஆங்கிலம். ஒரு படிவத்தில் பெயருக்கான இடத்தைத் தமிழ் எழுத்துருவிலும் எண்ணுக்கான இடத்தை ஏரியலிலும் வடிவமைத்துவிட்டால் டைப் அடிப்பவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. டேப் விசையைத் தட்டிக்கொண்டே போகலாம். மொழியைக் கட்டுப்படுத்தும் உரிமை அப்போது செயலியின் கையில் இருந்தது. யாரும் திட்டமிட்டுத் தந்ததல்ல, ஒரு தவறான குறியாக்கமுறையின் பக்க விளைவாகக் கிடைத்தது. பழைய டி.டி.பி. ஆபரேட்டர்கள் "யூனிகோட்ல வேலை ஓட மாட்டேங்குது சார்" என்று முணுமுணுத்தபோது, அதைப் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிட்டோம். அதில் பாதிதான் பழக்கதோஷம். மீதிப் பாதிக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. இஸ்கியை அடியொற்றித் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு தொகுதி அமைந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழைத் தாங்கி வந்தது. இந்த மாற்றத்தில் எழுத்துரு வேறு, குறியாக்கம் வேறு, விசைப்பலகை வேறு என்று மூன்றும் பிரிந்தன. பிரித்தது சரியான காரியம்தான். அது இல்லாமல் இன்று தமிழில் தேடலும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. பிரித்தபோது மூன்றாவதான விசைப்பலகை நடுத்தெருவில் நின்றுவிட்டது. செயலிக்கும் அது சொந்தமில்லை, உரைக்கும் சொந்தமில்லை. அதை எடுத்து வளர்த்தவர்கள் தன்னார்வலர்களும் சிறு நிறுவனங்களும். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், லாவோ மொழிக்காக மார்க் டர்டின் தொடங்கிய கீமேன், அதன் தோளில் ஏறிவந்த இ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். ரைட்டர், அழகி. இவற்றின் உதவியில்லாமல் 2000-களில் பலர் தமிழில் வலைப்பதிவு எழுதியிருக்க முடியாது.

இவை வேலை செய்த விதம் நம் பிரச்சினைக்கு நேராகத் தொடர்புள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதே ஆண்டில் அரசாணையும் பெற்றது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்ற அமைப்பைவிட அதன் புத்திசாலித்தனம் புள்ளியில் இருக்கிறது. ந அடித்து த அடித்தால் 'ந்த' என்று புள்ளி தானாக விழும். க இரண்டு முறை அடித்தால் 'க்க'. இதற்கு விசைப்பலகை மென்பொருள், கர்சருக்கு முன்னால் என்ன எழுத்து நிற்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். அறிவதற்கு நேர்வழி, செயலியைக் கேட்பது. பெரும்பாலான செயலிகள் அந்தப் பேச்சுக்கே வரவில்லை. ஆகவே விசைப்பலகை மென்பொருள்கள் கடைசியாக என்ன அடிக்கப்பட்டது என்பதைத் தாமே நினைவில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பேக்ஸ்பேஸை ரகசியமாக அனுப்பி, அழித்து, திருத்தி எழுதின. மௌஸால் வேறிடத்தில் சொடுக்கிவிட்டால் அந்த நினைவு பொய்யாகிவிடும். எங்கோ இருக்கும் சர்வரின் திரையில் வேலை செய்தால் பேக்ஸ்பேஸ் தாமதமாகப் போய், பக்கத்து எழுத்தையும் சேர்த்து விழுங்கும். "தமிழ்ல அடிச்சா சில சமயம் எழுத்து முழுங்குது" என்ற புகாரின் மூலம் பல இடங்களில் இதுதான். செயலிக்கும் விசைப்பலகைக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் நடக்கும் சங்கடம்.

பேசுவதற்கான ஏற்பாடுகள் பிறகு வந்தன. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் 'டெக்ஸ்ட் சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க்', லினக்ஸில் ஐபஸ். லினக்ஸில் தமிழ்99 அடிப்பவர்கள் பலர் பயன்படுத்துவது எம்17என் என்ற நூலகம். அதை உருவாக்கியவர்கள் ஜப்பானிய ஆய்வு நிறுவனமொன்றில் கென்இச்சி ஹண்டாவும் அவர் குழுவினரும். அதற்கு முன்பே அவர்கள் ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பிக்குள் பன்மொழி உள்ளீட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். ஈமேக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளீட்டு முறை தனியாக நினைவில் இருக்கும். ஒரு கோப்பில் தமிழ், பக்கத்துக் கோப்பில் ஆங்கிலம், தாவும்போது எதையும் அழுத்த வேண்டாம். நிரலாளர்கள் தங்கள் மேசைக்கு இந்தச் சொகுசைச் செய்துகொண்டார்கள். பத்திரம் அடிப்பவருக்கு யார் செய்வது?

தமிழ்99 அரசாணை பெற்று இருபது ஆண்டு கழித்து, 2019-ல்தான் விண்டோஸிலேயே அந்தப் பலகை வந்து சேர்ந்தது. இடையில் 2012-ல் விண்டோஸ் 8 சத்தமில்லாமல் ஒன்றைச் செய்தது. அதுவரை எந்த ஜன்னலில் எந்த மொழி என்பதை விண்டோஸ் தனித்தனியே நினைவில் வைத்திருந்தது. வேர்டில் தமிழ், டேலியில் ஆங்கிலம் என்று வைத்துவிட்டு இரண்டுக்கும் இடையே போய்வரலாம். விண்டோஸ் 8 முதல், நாமாக அமைப்பில் தேடிப்போய் மாற்றினால் ஒழிய, எல்லா ஜன்னலுக்கும் ஒரே மொழி. ஒரே மொழியில் வாழ்கிறவர்களுக்கு இது எளிமை. சிப்காட் ஒப்பந்ததாரர் ஒருவரின் அலுவலகத்தில், ஒரு ஜன்னலில் தமிழில் கடிதமும் இன்னொன்றில் ஆங்கிலத்தில் பி.எஃப். பட்டியலும் வைத்திருக்கும் எழுத்தருக்கு இது ஒரு சின்ன தண்டனை.

இதே பிரச்சினையை முப்பது ஆண்டுக்கு முன்பே தீர்த்துக்கொண்ட ஜப்பானியர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போய் ஆரம்பாக்கம், தடா தாண்டினால் ஸ்ரீசிட்டி. அங்கே 2016-ல் இசுசு ஆலை திறந்தது. இந்தப் பக்கம் பொன்னேரி–கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மகிந்திராவும் சுமிட்டோமோவும் சேர்ந்து தொழிற்பூங்கா நடத்துகிறார்கள். ஜப்பானியப் படிவம் நம்முடையதைவிடச் சிக்கலானது. பெயரைச் சீன வழி எழுத்தான கான்ஜியில் எழுத வேண்டும், அதன் உச்சரிப்பை ஒலியெழுத்தான கானாவில், தொலைபேசி எண் அரை அகல இலக்கத்தில். 1978-ல் தோஷிபா முதல் ஜப்பானியச் சொற்செயலியை அறிவித்ததிலிருந்தே, தட்டுபவருக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு மாற்றி உட்கார்ந்திருந்தது. அந்த மாற்றி எந்தப் பெட்டியில் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை அவர்கள் செயலியிடம் கொடுத்தார்கள். விஷுவல் பேசிக்கில் ஒரு பெட்டியை வரைந்தால், அதன் பண்புகளின் பட்டியலில் நிறம், அகலம் போல 'ஐ.எம்.இ.' எனப்படும் அந்த மாற்றியின் நிலையும் ஒன்று. ஜப்பானிய எக்செலில் தரவுச் சரிபார்ப்பு ஜன்னலைத் திறந்தால் ஜப்பானிய உள்ளீட்டுக்கென்றே ஒரு தனிப் பக்கம் உண்டு. இந்த நெடுவரிசையில் கானா, அந்த நெடுவரிசையில் மாற்றி அணைந்திருக்கட்டும் என்று குமாஸ்தாவே அமைத்துக்கொள்ளலாம்.

நமக்கு ஏன் கிடைக்கவில்லை? தொழில்நுட்ப விடை எளிது. விண்டோஸின் கண்ணில் தமிழ் ஒரு 'ஐ.எம்.இ.' மொழி அல்ல, வெறும் விசைப்பலகை அமைப்பு. ஆகவே அந்தப் பண்பு தமிழ்ப் பெட்டியில் பேசாமல் கிடக்கும். இன்னொரு விடை கொஞ்சம் சங்கடமானது. ஜப்பானில் மென்பொருள் வாங்கியவர்கள் இதைக் கேட்டார்கள். நாம் தமிழ் தெரிகிறதா என்று மட்டும் கேட்டோம். எழுத்து திரையில் தெரிந்தவுடன் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒவ்வொரு பெட்டிக்கும் 'கீபோர்ட் லாங்குவேஜ்' என்று ஒரு பண்பு பல காலமாக உண்டு. அதில் தமிழைத் தேர்ந்தால் கர்சர் உள்ளே போகும்போது பலகை தமிழாகிவிடும். டாட்நெட்டில் நடப்பு உள்ளீட்டு மொழியை மாற்ற ஒரு வரி போதும். வேர்டில், கர்சர் நிற்கும் உரையின் மொழிக்கேற்ப விசைப்பலகையைத் தானாக மாற்றும் அமைப்பு, 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் கீழே எங்கோ ஒளிந்திருக்கிறது. பேஜ்மேக்கர் காலத்தில் இருந்து பிறகு இழந்ததைத் திருப்பித் தரும் முயற்சி அது. ஆப்பிள் கணினியில் கடவுச்சொல் பெட்டிக்குள் போனால் தமிழ்ப் பலகை தானாக விலகி நிற்கும்; புள்ளி புள்ளியாக மறைத்த பெட்டியில் தமிழில் அடித்துவிட்டு "பாஸ்வேர்ட் தப்புன்னு வருது" என்று தவிக்க வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு. இந்த வசதிகள் இயங்குதளத்தில் பதிவான விசைப்பலகைகளுக்கே கட்டுப்படும். ஆல்ட்டோடு ஓர் எண்ணைச் சேர்த்து அழுத்தி மாறும் பழைய துணை மென்பொருள்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேராது. தமிழ்99 விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு அந்தச் சாக்கு பெருமளவு செல்லாது.

சரி, எல்லாப் பெட்டிக்கும் செயலியே மொழியைத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? வேறு மாவட்டத்தில் உட்கார்ந்து எழுதினால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். திருவள்ளூர் அதற்கு இடம் கொடுக்காது. 1997-ல் தனி மாவட்டமான இதன் மேற்கு மூலையில் திருத்தணி, எல்லைப் போராட்டத்துக்கும் நடுவர் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கே சாதாரணம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அங்குள்ள முகாமில் பல ஆண்டுகளாக வாழும் ஈழத்தமிழரின் ஊரிலோ தட்டச்சுப் பழக்கமே வேறு. இலங்கையின் தரம் ரெங்கநாதன் விசைப்பலகை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, ஆலைக்குள் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. ஓர் ஆலையில் அந்தப் பெரும்பான்மை மொழி ஆட்கள் மாற மாற மாறும். இங்கே "பெயர் என்றால் தமிழ்" என்று பூட்டிவிடும் மென்பொருள், ஒரு தொழிலாளியின் பெயரைக் குமாஸ்தாவின் காதுக்குக் கேட்டபடி எழுத வைத்துவிடும். பிறகு ஆதாரில் ஒரு பெயர், சம்பளப் பட்டியலில் ஒரு பெயர். பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது அந்த ஓர் எழுத்து வித்தியாசம் வந்து வழிமறிக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது அளவான ஒன்று. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடும் டேஸ்16 குறியாக்கமும் தமிழுக்கான தரங்களாக அறிவிக்கப்பட்டன. எழுத்தை எப்படிச் சேமிப்பது என்பதற்கு அது விடை. எப்படி உள்ளே வருகிறது என்பதற்கு 1999-ன் விசைப்பலகை ஆணையோடு நின்றுவிட்டோம். அடுத்த முறை மாநில அரசோ, உள்ளாட்சியோ, சிப்காட்டில் ஓர் ஆலையோ மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது சில வரிகளைச் சேர்க்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் எதிர்பார்க்கும் எழுத்து முறை வடிவமைப்பிலேயே குறிக்கப்பட வேண்டும். எண், குறியீடு, கடவுச்சொல் பெட்டிகளில் பலகை தானாக ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். வெளியே வந்ததும் முன்பு இருந்த மொழிக்கே திரும்ப வேண்டும், ஏதோ ஒரு இயல்பு மொழிக்கு அல்ல. எந்த மொழி இயங்குகிறது என்பது தட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். தட்டுபவர் வேண்டுமென்றே மாற்றினால் மென்பொருள் அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. பெயர்ப் பெட்டியில் மட்டும் அது எதையும் தீர்மானிக்கக் கூடாது. அடையாள அட்டையில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதற்கு ஒரு பெட்டி, ஆள் தன் பெயரை எந்த எழுத்தில் கேட்கிறாரோ அதற்கு ஒரு பெட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.